கேக் அடிக்கும் யந்திரம்: வாங்குமுன் எண்ணிப் பார்க்க வேண்டியவை

திருக்கோணமலைத் துறைமுகத்திற்கும் நமது வீட்டு அடுக்களைக்கும் உள்ள தொடர்பு, நாம் சாதாரணமாக நினைப்பதைக் காட்டிலும் நெருக்கமானது. கோதுமை நம் இலங்கை மண்ணின் பயிரன்று. பாணுக்கும் பணிசுக்கும் கேக்குக்கும் வேண்டிய கோதுமை கப்பலேறியே வருதல் வேண்டும். அவ்வாறு வரும் தானியத்தை இங்கேயே அரைப்பதற்கென்று, சிங்கப்பூரைச் சேர்ந்த பிறீமா நிறுவனம் 1977-ஆம் ஆண்டில் அரசாங்கத்துடன் உடன்படிக்கை செய்துகொண்டு, சீனக்குடாவில் ஒரு பெரிய ஆலையை நிறுவியது. 1980-இல் இயங்கத் தொடங்கிய அவ்வாலை, ஒரே இடத்தில் அமைந்த மா ஆலைகளுள் உலகிலேயே மிகப் பெரியவற்றுள் ஒன்றாக எண்ணப்படுகின்றது. மா மட்டுமன்று, ‘பாண்’ என்ற சொல்லும், அதனைச் சுடும் ‘போறணை’ என்ற சொல்லும், ‘குசினி’ என்ற சொல்லுங்கூடப் போர்த்துக்கேயரோடு கடல்வழி வந்து நம் பேச்சிலே கலந்தவையே.

இத்தகைய ஊரில், வீட்டிலேயே கேக்கும் பாணும் செய்யும் வழக்கம் பெருகி வருவதில் வியப்பில்லை. நத்தாருக்கும் புதுவருடத்திற்கும், நோன்புப் பெருநாளுக்கும், பிள்ளைகளின் பிறந்தநாளுக்கும் கேக் வேண்டியிருக்கின்றது. தம் வீட்டுக்கென்று செய்யத் தொடங்கிய தாய்மார் பலர், அயலாரிடம் கட்டளை பெற்றுச் செய்து கொடுத்து, குடும்பச் செலவின் ஒரு பகுதியைத் தாமே ஈட்டுகின்றனர். இவர்கள் யாவரும் ஒருநாள் இல்லாவிடின் ஒருநாள் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு: ‘கேக் மிக்ஸர் ஒன்று வாங்கலாமா? வாங்குவதாயின் எதை வாங்குவது?’

சட்னி அரைக்கும் யந்திரத்தை நாம் இங்கே குறிக்கவில்லை. மேசைமேல் நிலையாக நின்று, தன் கிண்ணத்திலிட்ட வெண்ணெயையும் சீனியையும் முட்டையையும் அடிப்பதும், மாவைப் பிசைவதுமாகிய ‘ஸ்டாண்ட் மிக்ஸர்’ என்பதையே குறிக்கின்றோம். அதன் விலை, ஒரு நடுத்தரக் குடும்பத்தின் பல மாதச் சேமிப்பாகும். ஆகையால், கடையின் கண்ணாடிப் பேழையில் மின்னும் நிறத்தைக் கண்டு மயங்காமல், ஆராய்ந்து வாங்குதல் அவசியம்.

போர்க்கப்பலிலிருந்து அடுக்களைக்கு

இந்த யந்திரத்தின் வரலாறு, கப்பல்களோடு பழகிய நம்மூர் வாசகர்களுக்குச் சுவையாக இருக்கும். அமெரிக்காவின் ஓகையோ மாநிலத்தில் இருந்த ஹோபார்ட் என்னும் நிறுவனத்தில் ஹெர்பர்ட் ஜோன்ஸ்ரன் என்னும் பொறியியலாளர் பணிபுரிந்தார். வெதுப்பகத் தொழிலாளி ஒருவர் இரும்புக் கரண்டியால் மாவைக் கிண்டிக் களைப்பதைக் கண்ட அவர், அவ்வேலையை மின்சாரத்தாற் செய்விக்கும் யந்திரத்தை 1908-ஆம் ஆண்டளவில் உருவாக்கினார் என்பர். பெருந்தொகையான மாலுமிகளுக்கு நாள்தோறும் பாண் சுடவேண்டியிருந்த அமெரிக்கக் கடற்படை, சில ஆண்டுகளில் அதனைத் தன் கப்பல்களில் ஏற்றிக்கொண்டது.

வீட்டுக்கென்று சிறிதாக்கப்பட்ட யந்திரம் ‘கிச்சன் எய்ட்’ என்னும் பெயரில் 1919-இல் விற்பனைக்கு வந்தது. சிறியது என்றாலும் அதன் நிறை ஏறத்தாழ 30 கிலோ. விலையோ 189 டொலருக்கும் மேல். அக்காலத்துத் தொழிலாளி ஒருவர் கனவிலும் எண்ணாத தொகை அது. 1930-இல் ‘சன்பீம்’ நிறுவனத்தின் மலிவான மிக்ஸரும், 1950-இல் இங்கிலாந்தில் கென்னத் வூட் என்பவரின் ‘கென்வூட் ஷெவ்’ என்னும் யந்திரமும் வெளிவந்த பின்னரே, நடுத்தரக் குடும்பங்களும் இதனை எட்டிப்பிடிக்க முடிந்தது. எனினும், அன்று கப்பலுக்கு எது தேவைப்பட்டதோ அதுவே இன்று வீட்டுக்கும் தேவை: பகட்டு அன்று, பாரத்தைத் தாங்கும் உறுதி.

முதற் கேள்வி: நமக்கு இது வேண்டுமா?

கடைக்குச் செல்லுமுன் சென்ற ஆண்டின் நாட்காட்டியை எடுத்து, எந்தெந்த நாளில் என்னென்ன சுட்டோம் என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். ஆண்டுக்கு நாலைந்து கேக் மாத்திரமே எனில், கையிற் பிடித்து அடிக்கும் சிறிய மின்சார மிக்ஸர் போதும். அல்லது மரக்கரண்டியும் பொறுமையுமே போதும். கிழமைக்கு ஒரு தடவையாவது கேக் அடிப்பவர்க்கும், வீட்டிலேயே பாண் பிசைபவர்க்கும், கட்டளை பெற்று விற்பவர்க்கும் நிலைமிக்ஸர் உண்மையில் உதவும்.

விற்பனைக்காகச் செய்பவர்கள் இன்னொரு கணக்கும் போட்டுப் பார்க்க வேண்டும். உதாரணமாக, யந்திரத்தின் விலை 60,000 ரூபா என்றும், ஒரு கேக்கில் செலவு போக மிஞ்சுவது 600 ரூபா என்றும் வைத்துக்கொள்வோம். நூறு கேக் விற்றால்தான் போட்ட முதல் திரும்பும். கிழமைக்கு இரண்டு கேக் விற்பவருக்கு அதற்கு ஏறத்தாழ ஓர் ஆண்டு செல்லும். யந்திரத்திற்கு ஓராண்டு உத்தரவாதமே தரப்படுமாயின், முதல் திரும்பும் நாளும் உத்தரவாதம் முடியும் நாளும் ஒன்றாகிவிடும்! எனவே விலை குறைந்ததைத் தேடுவதிலும், அந்த ஓராண்டுக்குப் பின்னும் பல ஆண்டு உழைக்கக்கூடியதைத் தேடுவதே அறிவுடைமை. தவணைக் கட்டணத்தில் வாங்குவோர், வட்டியையும் விலையோடு கூட்டியே இக்கணக்கைப் பார்த்தல் வேண்டும்.

இரு வேலைகள், இரு குணங்கள்

நம்மவர் பேச்சில் கேக் ‘செய்தோம்’ என்பதைவிடக் கேக் ‘அடித்தோம்’ என்பதே வழக்கு. இவ்வழக்கில் ஒரு பேருண்மை அடங்கியிருக்கின்றது. வெண்ணெயையும் சீனியையும் சேர்த்து அடிக்கும்போது, சீனியின் கூரிய பளிங்குகள் வெண்ணெயினுள்ளே எண்ணற்ற சிறு காற்றுக் குமிழிகளைப் புகுத்துகின்றன. மஞ்சளாக இருந்த வெண்ணெய் வெளிறிப் பொங்குவது அதனாலேயே. பின்னர் போறணையின் வெப்பத்தில் அக்குமிழிகள் விரிகின்றன. பேக்கிங் பவுடர் புதிய குமிழிகளைப் படைப்பதில்லை. ஏற்கெனவே உள்ளவற்றைப் பெருப்பிக்கின்றது. ஆகவே அடிப்பதில் குறை வைத்துவிட்டுப் பவுடரை அள்ளிப் போடுவது பயனற்றது.

பாண் மாவின் கதை வேறு. கோதுமை மாவில் நீர் சேர்ந்ததும், அதிலுள்ள புரதங்கள் ஒன்றோடொன்று பிணைந்து ‘குளூட்டன்’ என்னும் இழுபடும் தன்மையுள்ள வலையாகின்றன. பிசையப் பிசைய வலை உறுதியாகி, ஈஸ்ற் வெளிவிடும் வாயுவைச் சிறைப்பிடிக்கின்றது. பிசைந்த மாவில் சிறிதை எடுத்து விரல்களால் மெல்ல விரித்துப் பாருங்கள். கிழியாமல் சவ்வுபோல் விரிந்து, வெளிச்சம் ஊடுருவித் தெரியுமாயின் பிசைதல் போதும். கேக்கிலோ இதே குளூட்டன் பகையாகும். அதனாலேதான் மா சேர்த்தபின் அளவுக்கு மிஞ்சி அடித்த கேக் இறுகிப்போகின்றது.

கேக்குக்கு வேண்டியது விரைவு. பாணுக்கு வேண்டியது வலிமை. முன்னையதைப் பெரும்பாலும் எல்லா மிக்ஸர்களும் செய்யும். பின்னையதிலேயே மலிவான யந்திரங்கள் தோல்வியுறுகின்றன. கேக் மட்டுமே செய்பவர் நடுத்தர விலையில் ஒன்றை வாங்கினாற் குறைவில்லை. கிழமைதோறும் பாணும் பணிசும் பிசையவேண்டிய குடும்பம், பணத்தை உறுதிக்கே செலவிடுதல் வேண்டும்.

‘வாற்று’ என்னும் மயக்கம்

கடைகளில் ‘ஆயிரம் வாற்று’, ‘ஆயிரத்து ஐந்நூறு வாற்று’ என்று பெரிய எழுத்தில் எழுதியிருப்பார்கள். எண் பெரிதானால் வலிமையும் பெரிது என்று நம்பிவிடுகின்றோம். ஆனால் அந்த எண், யந்திரம் மின்கம்பியிலிருந்து எவ்வளவு இழுக்கின்றது என்பதைக் காட்டுமேயன்றி, கொக்கியின் நுனியில் எவ்வளவு வேலை நடக்கின்றது என்பதைக் காட்டாது. இழுத்ததில் ஒரு பகுதி வெப்பமாகவும் இரைச்சலாகவும் வீணாகலாம்.

துறைமுகத்துப் பாரந்தூக்கியை எண்ணிப் பாருங்கள். அது பெருஞ்சுமையை மெல்ல மெல்லவே தூக்குகின்றது. பற்சக்கரங்கள் மோட்டாரின் விரைவைக் குறைத்து, அதற்கு ஈடாக வலிமையைக் கூட்டுகின்றன. மிக்ஸரிலும் அவ்வாறே. உலோகப் பற்சக்கரங்கள் செவ்வையாக அமைந்த 300 வாற்று யந்திரம், பிளாஸ்டிக் சக்கரங்கள் கொண்ட 1,000 வாற்று யந்திரத்தினும் உறுதியாகப் பிசையக்கூடும். சில நல்ல யந்திரங்களில், பாரம் மிஞ்சினால் மோட்டாரைக் காப்பதற்காகத் தானே தேய்ந்து உடையும்படி ஒரு சக்கரத்தை வேண்டுமென்றே மெதுவாக அமைப்பதுண்டு. சக்கரத்தை மாற்றுவது மோட்டாரை மாற்றுவதிலும் மிக மலிவு.

எனவே வாற்றைக் கேட்பதற்குப் பதிலாக இரண்டு கேள்விகளைக் கேளுங்கள். ஒன்று: ஒரே தடவையில் எத்தனை கிலோ மாவைப் பிசையலாம் என்று விளக்கப் புத்தகத்தில் எழுதியிருக்கின்றது? மற்றொன்று: நிறுத்தாமல் எத்தனை நிமிடம் ஓடலாம்? சில யந்திரங்களின் அடியிலுள்ள தகட்டிலேயே, ஐந்து அல்லது பத்து நிமிடத்திற்கு மேல் தொடர்ந்து ஓட்டலாகாது என்ற குறிப்புண்டு. எந்த யந்திரமாயினும், பிசையும்போது மிகக் குறைந்த விரைவிலேயே ஓட்டுதல் நன்று.

மின்கட்டணத்தைப் பற்றி அஞ்சுவோர்க்கு ஓர் ஆறுதல்: 300 வாற்று யந்திரம் பத்து நிமிடம் ஓடினால் செலவாகும் மின்சாரம் ஓர் அலகின் இருபதில் ஒரு பங்கே. 2,000 வாற்று மின்சாரப் போறணை முழு வெப்பத்தில் ஒரு மணி நேரம் எரிந்தாலோ இரண்டு அலகு. சிக்கனம் வேண்டுவோர் போறணையையே கவனித்தல் வேண்டும்.

கிண்ணமும் துடுப்பும்

வெண்ணெய், சீனி, மா ஆகியவற்றில் அரைக் கிலோ வீதமும் பத்து முட்டையும் சேர்ந்த கலவை ஏறத்தாழ இரண்டு கிலோ வரும். அதற்கு நாலரை அல்லது ஐந்து லீற்றர்க் கிண்ணம் தாராளம். அதனை இரட்டித்து ஒரே முறையில் அடிப்பவர்க்கு ஏழு லீற்றர் வேண்டும். ஆனால் பெரிய கிண்ணம் எப்போதும் நன்மையன்று. இரண்டே முட்டையின் வெள்ளைக்கருவை ஏழு லீற்றர்க் கிண்ணத்தில் இட்டால், அடிக்கும் கம்பி அதனைத் தொடாமலே சுழலக்கூடும்.

சுழலும் முறையையும் கவனிக்க வேண்டும். நல்ல யந்திரங்களில் துடுப்பு தன்னைத்தானே ஒரு திசையிற் சுற்றிக்கொண்டு, கிண்ணத்தை மறு திசையில் வலம் வருகின்றது. பூமி தன் அச்சிற் சுழன்றுகொண்டே சூரியனைச் சுற்றுவதைப் படித்த மாணவர்களுக்கு இது எளிதில் விளங்கும். ‘கோள் இயக்கம்’ என்றே இதற்குப் பெயர். இதனால் கிண்ணத்தின் எப்பகுதியும் விடுபடுவதில்லை.

யந்திரத்தோடு மூன்று உறுப்புகள் வரும். வெண்ணெயும் சீனியும் அடிக்கத் தட்டையான துடுப்பு. முட்டையும் கிறீமும் அடிக்கக் கம்பிக்கூடு. பாண் மாவுக்குக் கொக்கி. துடுப்பு சரியான உயரத்தில் இருக்கின்றதா என்பதை அறிய எளிய வழியொன்று உண்டு. வெறுங்கிண்ணத்தில் ஒரு நாணயத்தை இட்டு, மிக மெதுவாக ஓட்டுங்கள். துடுப்பு ஒவ்வொரு சுற்றிலும் நாணயத்தைச் சற்றே நகர்த்தினால் உயரம் சரி. தொடாமற் சென்றால் அடியிலுள்ள கலவை கலவாது. பலமாக மோதினால் கிண்ணமும் துடுப்பும் தேயும். இதனைக் கடையிலேயே செய்து காட்டும்படி கேட்கத் தயங்க வேண்டாம்.

கடற்காற்றும் கச்சான் வெயிலும்

மேல்நாட்டுச் சஞ்சிகைகள் கூறும் யோசனைகள் குளிர்நாட்டுக்கு ஏற்றவை. உப்புவெளியிலும் நிலாவெளியிலும், துறைமுகத்தைச் சுற்றியுள்ள தெருக்களிலும் வாழ்வோர்க்கு இரண்டு பகைவர் உண்டு.

ஒன்று உப்புக்காற்று. அது இரும்பைத் துருவேற்றும்; பூச்சில்லாத அலுமினியத்தைக் கறுப்பிக்கும். அத்தகைய துடுப்பைத் துடைத்தால் விரலில் சாம்பல் நிறம் ஒட்டும். அது கேக்கிலும் ஒட்டும். ஆகவே கிண்ணமும் துடுப்பும் கொக்கியும் கறையில்லா உருக்கினால் ஆனவையாக இருத்தல் நன்று. திருகாணிகளையும் உற்றுப் பாருங்கள். வேலை முடிந்ததும் உறுப்புகளைக் கழுவி ஈரம் உலர்த்தி, யந்திரத்தைத் துணியுறையால் மூடி, கடலை நோக்கிய யன்னலுக்கு அப்பால் வைத்தல் வேண்டும். வாடைக்காற்று வீசும் மாரியில் இது இரட்டிப்பு அவசியம்.

மற்றது வெப்பம். வெண்ணெய் காற்றை நன்றாக ஏற்பது 18 முதல் 20 பாகை செல்சியஸ் அளவிலேயே. கச்சான் வீசும் மாதங்களில் நமது அடுக்களை 30 பாகையையும் தாண்டிவிடும். அப்போது யந்திரத்தின் விரைவும் உராய்வும் சேர்ந்து, வெண்ணெயை நுரையாக்குவதற்குப் பதிலாக எண்ணெயாக்கிவிடும். யந்திரத்தின் மீது குறையில்லை. வேளையின் மீதே குறை. கிண்ணத்தையும் துடுப்பையும் குளிர்சாதனப் பெட்டியில் அரைமணி நேரம் வைத்தெடுங்கள். வெண்ணெயை முற்றும் இளக விடாதீர்கள். அதிகாலையில் அடியுங்கள், அதிவிரைவைத் தவிருங்கள். பாண் மாவுக்குக் குளிர்நீரையே சேருங்கள். உருக்குக் கிண்ணம் விரைவிற் குளிரும் என்பதும் அதனை விரும்புவதற்கு இன்னொரு காரணம்.

கடல் கடந்து வரும் பரிசு

நம்மவர் குடும்பங்களில் கனடாவிலோ இங்கிலாந்திலோ உறவினர் ஒருவர் இல்லாத வீடு அரிது. ‘அக்கா, உங்களுக்கு ஒரு நல்ல மிக்ஸர் அனுப்பிவைக்கிறேன்’ என்று அன்போடு தம்பி சொல்லும்போது, மனம் மகிழ்வது இயல்பே. ஆனால் அனுப்புமுன் ஒரு செய்தியை அவருக்கு எழுதிவிடுங்கள். இலங்கையின் மின்சாரம் 230 வோல்ற்று, 50 ஹேர்ட்ஸ். கனடாவிலும் அமெரிக்காவிலும் அது 120 வோல்ற்று, 60 ஹேர்ட்ஸ். அங்கு வாங்கிய யந்திரத்தை இங்கே நேரடியாகப் பொருத்தினால், அதன் சுருள்கள் கருகிப்போகும். தீ விபத்தும் நேரலாம்.

மின்மாற்றி ஒன்று வைத்துக்கொள்ளலாமே என்பர் சிலர். மின்மாற்றி வோல்ற்றைக் குறைக்குமேயன்றி, அதிர்வெண்ணை மாற்றாது. போதிய கொள்ளளவுள்ள மின்மாற்றி விலையும் பாரமும் மிக்கது. பழுது பார்க்க உதிரிப்பாகமும் இங்கு எளிதிற் கிட்டாது. இங்கிலாந்து, ஐரோப்பா, அவுஸ்திரேலியா ஆகிய இடங்களில் வாங்கியவற்றுக்கு வோல்ற்றுத் தொல்லை இல்லை; செருகியின் அமைப்பையே பார்த்துக்கொள்ள வேண்டும். கனடாவிலுள்ள தம்பி யந்திரத்திற்குப் பதிலாகப் பணத்தை அனுப்பி, இங்கேயே வாங்கச் செய்வதுதான் இருவர்க்கும் நன்மை.

வாங்கும் நாளும் அதற்குப் பின்னரும்

கடையில் யந்திரத்தின் தலையைப் பூட்டிவிட்டு அசைத்துப் பாருங்கள்; ஆட்டம் இருத்தலாகாது. வெறுமையாகக் குறைந்த விரைவில் ஓடவிட்டு ஒலியைக் கேளுங்கள். சீரான முழக்கம் நன்று; கரகரப்பு நன்றன்று. உறுதியான யந்திரம் பத்துக் கிலோ அளவில் நிறையிருக்கும். ஆதலால் ஒவ்வொரு தடவையும் அலுமாரியிலிருந்து தூக்கி வைப்பதாக எண்ணாமல், அதற்கு நிலையான இடம் உண்டா என்பதை முன்னரே பார்த்தல் வேண்டும். முதியோர் உள்ள வீட்டில் இது மிக முக்கியம்.

அனைத்திலும் முக்கியமான கேள்வி, பழுதானால் யார் திருத்துவார் என்பதே. திருக்கோணமலையிலேயே திருத்துவார்களா, அல்லது ஏறத்தாழ 260 கிலோமீற்றர் தூரத்திலுள்ள கொழும்புக்கு அனுப்பவேண்டுமா? போக்குவரத்துச் செலவு யாருடையது? மோட்டாரின் கார்பன் தூரிகை, பற்சக்கரம், கொக்கி ஆகியவை தனித்தனியே கிடைக்குமா? நத்தாருக்கு முந்திய கிழமையில் யந்திரம் நின்றுவிட்டால், கட்டளை பெற்றவரின் வருமானமும் நற்பெயரும் ஒருங்கே போய்விடுமன்றோ? இக்கேள்விகளுக்குத் தெளிவான மறுமொழி தரும் கடையில், ஆயிரம் ரூபா கூடக் கொடுத்து வாங்கினாலும் நட்டமில்லை. பற்றுச்சீட்டில் திகதியும் யந்திரத்தின் இலக்கமும் எழுதப்பெற்றுள்ளனவா என்று பார்த்துப் பத்திரப்படுத்துங்கள்.

கை மறவாத கலை

2022-ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில், மார்ச்சு மாத இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை மின்சாரம் நிறுத்தப்பட்டதை நாம் மறந்துவிடவில்லை. அந்நாட்களில் எத்துணை விலையுயர்ந்த மிக்ஸரும் மேசைமேல் ஓர் அலங்காரப் பொருளே. மரக்கரண்டி பிடித்துப் பழகிய கையே அப்போது துணை நின்றது.

ஆதலால் யந்திரத்தை வாங்குவோர், பிள்ளைகளுக்குக் கையால் அடிக்கவும் பிசையவும் கற்றுக் கொடுத்தல் வேண்டும். பெண் பிள்ளைகளுக்கு மாத்திரமன்று, ஆண் பிள்ளைகளுக்குந்தான். வெண்ணெய் எப்போது வெளிறியது, மா எப்போது இளகியது என்பதைக் கையால் உணர்ந்தவர்க்கே, யந்திரத்தை எப்போது நிறுத்துவது என்பது தெரியும். நல்ல யந்திரம் தோள்வலியைக் குறைக்கும், நேரத்தை மிச்சப்படுத்தும், உழைக்கும் பெண்ணின் வருவாயைப் பெருக்கும். ஆனால் பதமறிதல் என்பது எக்கடையிலும் விலைக்கு வருவதன்று. அதை முதலில் தேடிக்கொண்டு, தேவையை அளந்து, பின்னர் பணப்பையைத் திறக்கும் குடும்பத்திற்கு, வாங்கிய யந்திரம் சுமையாகாது. நீண்டநாள் துணையாகவே விளங்கும்.